ஏற்றத்தில் எரியும் டயர் விளக்கு

குருநாகலிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-10 வீதி, மாவத்தகமவைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. கண்டி இராச்சியக் காலத்தில் தாழ்நிலத்திலிருந்து மலைநாட்டுக்குள் நுழையும் வழிகளில் ஒன்றைக் காவல் காத்த கலகெதர அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. இன்று அந்த வழியே ஏறும் கார்களில் புதியவையும் உண்டு, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனங்களும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, டயர் அமுக்கத்தைத் தானே கண்காணிக்கும் கார்கள் வீதியில் கூடி வருகின்றன. அப்படியொரு காரின் டாஷ்போர்டில், குதிரை லாடம் போன்ற வடிவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு திடீரென எரியும்போது பலரிடம் ஒரு காரணமும் ஒரு வைத்தியமும் தயாராக இருக்கின்றன. காரணம், மலைக் குளிர். வைத்தியம், ரீசெட் பொத்தான். இரண்டும் பெரும்பாலும் தவறானவை. மலையும் குளிரும் மட்டும் சேர்ந்து இந்த விளக்கை எரிய வைப்பது நம் நாட்டில் மிகக் கடினம். விளக்கு எரிந்தால் டயரிலிருந்து காற்று உண்மையாகவே போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காற்று நிரப்பாமல் ரீசெட் செய்வது விளக்கை அணைக்கலாம். கூடவே, அடுத்த ஆபத்தைச் சொல்லும் திறனையும் அது காரிடமிருந்து பறித்துவிடும்.

இந்த விளக்கு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 2000 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் இருந்தவை. ஓடும்போதே டயரின் மேற்பட்டை பிரிந்து, வாகனம் நிலைகுலைந்து உருண்ட விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அந்நாட்டின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. டயரின் தயாரிப்புக் குறையே முதற்காரணம் என்றாலும், வெப்பமும் பாரமும் குறைந்த அமுக்கமும் அந்தக் குறையை வளர்த்தன. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்ட் பரிந்துரைத்த அமுக்கம் 26 பி.எஸ்.ஐ. மட்டுமே, ஃபயர்ஸ்டோன் 30 என்றது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2007 செப்டெம்பருக்குள் அங்கு விற்கப்படும் எல்லாப் புதிய இலகு வாகனங்களிலும் டயர் அமுக்க எச்சரிக்கை கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அமுக்கத்திலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 20 சதவீதம். விளக்கு ஒரு நுண்ணிய அளவுகோலாக வடிவமைக்கப்படவில்லை, ஆபத்தின் விளிம்பைக் காட்டவே வைக்கப்பட்டிருக்கிறது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 32 ஆனதற்கு அது எரிவதில்லை. ஏறக்குறைய 25 அல்லது 26 வரை இறங்கிய பிறகே எரிகிறது.

அமுக்கம் குறைந்த டயரின் ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது. சில்லு ஒவ்வொரு முறை சுழலும்போதும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி, மேலெழும்போது பழைய வடிவுக்குத் திரும்புகிறது. இறப்பர் நசுங்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. காற்று குறைந்தால் நசுக்கம் கூடும், நசுக்கம் கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் இறப்பரையும் உள்ளிருக்கும் கம்பி இழைகளையும் ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பு தளரும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமான்களுமாக மலையேறும் கார், இந்தச் சங்கிலிக்குப் பாரத்தையும் சேர்க்கிறது. கலகெதர வளைவுகளில் வேகம் குறைவு என்பதால் அங்கே ஆபத்து மெதுவாகவே வளரும். அதே கார் மறுநாள் மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம நோக்கி மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும்போது நிலைமை வேறு. 2022 ஜனவரியில் குருநாகல்–மீரிகம பகுதி திறக்கப்பட்டதிலிருந்து மலைவீதியும் அதிவேகப் பாதையும் ஒரே நாள் பயணத்துக்குள் வந்துவிட்டன. பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை திட்டமிடப்பட்டுள்ள பகுதி முடிந்தால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். மலையில் அலட்சியம் செய்த விளக்குக்கான விலையைச் சமவெளியில் கொடுக்க நேரிடலாம்.

இனி, மலைக் குளிர்தான் காரணம் என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கனவளவு மாறாத வாயுவின் அமுக்கம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதமாக மாறும். கவனிக்க வேண்டியது, இந்த விதி வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்த முழு அமுக்கத்துக்கே பொருந்தும். அமுக்கமானி 33 பி.எஸ்.ஐ. காட்டும் டயருக்குள் இருப்பது, கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில், ஏறக்குறைய 47.5 பி.எஸ்.ஐ. சாதாரண வெப்பநிலை ஏறக்குறைய 300 கெல்வின் என்பதால், 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 1.6 பி.எஸ்.ஐ. குறையும். குருநாகலுக்கும் கண்டிக்கும் இடையே சராசரி வெப்பநிலை வேறுபாடு 3 பாகை அளவுதான். அதனால் ஏற்படும் இறக்கம் அரை பி.எஸ்.ஐ. மறுபக்கம், குருநாகல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 116 மீற்றரிலும் கண்டி சுமார் 500 மீற்றரிலும் இருக்கின்றன. ஏறும்போது வெளிக்காற்றின் அமுக்கம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று மாறாதபோதும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அமுக்கமானி 0.6 பி.எஸ்.ஐ. அளவு கூடுதலாகக் காட்டும். குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இது கண்டிக்கு மட்டும் வாய்த்த தற்செயலா என்று கேட்கலாம். கணக்கை நுவரெலியா வரை நீட்டிப் பார்ப்போம். குருநாகலில் 30 பாகையில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிய கார், கம்பளை, ரம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயரத்துக்குப் போய், 12 பாகை விடியலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 பாகைக் குளிர்ச்சி 2.8 பி.எஸ்.ஐ.யை எடுக்கும். வெளிக்காற்று மெலிந்ததால் அமுக்கமானியில் கூடுவதும் கிட்டத்தட்ட அதே 2.8. உயரே போகப் போகக் காற்று மெலிவதும் குளிர்வதும் சேர்ந்தே நடப்பதால், நம் மலைநாட்டில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. சில உணரிகள் முழு அமுக்கத்தையே அளக்கின்றன. கார் வெளிக்காற்றின் மாற்றத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்த ஈடு கிடைக்காது என்பது நியாயமான ஆட்சேபம். அப்போதும் இழப்பு 2.8 பி.எஸ்.ஐ.தான், அதாவது 33இல் எட்டரைச் சதவீதம். விளக்கு எரியத் தேவையான 20 சதவீதத்தில் அது பாதியைக்கூட எட்டவில்லை. ஒரே இடத்தில் கோடையில் 30 பாகையும் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையும் காணும் கனடாவில் பருவமாற்றம் மட்டுமே இந்த விளக்கை எரிய வைக்கக்கூடும். அங்கிருந்து வரும் அறிவுரையை இலங்கை வீதிக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஆனாலும் விடியற்காலையில் எரிந்த விளக்கு, சிறிது தூரம் ஓடியதும் தானாக அணைவதைப் பலர் கண்டிருப்பார்கள். குளிர்தான் காரணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர்களின் கேள்வி. உண்மையில் இந்தச் சான்று எதிர்த் திசையில் சுட்டுகிறது. முழுமையாக நிரப்பிய டயரை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கம் எல்லைக்குக் கீழே தள்ளாது என்று பார்த்தோம். ஆகவே அந்த இறக்கத்தில் விளக்கு எரிந்தது என்றால், டயர் முந்தின நாளே எல்லைக்கு மிக அருகில் இருந்திருக்கிறது. ஆரோக்கியமான டயரும் இறப்பரின் ஊடாக மாதத்துக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. கசியவிடும், நான்கைந்து மாதம் பார்க்காமல் விட்டால் போதும். ஓட ஓட இறப்பர் சூடேறி அமுக்கம் மீண்டும் எல்லைக்கு மேலே வருவதால் விளக்கு அணைகிறது. போன காற்று திரும்பி வரவில்லை. குறைந்த காற்று சூடாகியிருக்கிறது. சூடான டயரில் அமுக்கம் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுவது சாதாரணம் என்பதால், ஓடி வந்த கையோடு டயர் கடையில் 33 வரை நிரப்பிக்கொள்ளும் பழக்கமும் இதே குழிக்குள்தான் இட்டுச் செல்கிறது. அந்த டயர் ஆறியதும் 29 அளவில் நிற்கும். எல்லையை நோக்கிய பயணத்தில் பாதித் தூரம் முதல் நாளிலேயே முடிந்திருக்கும்.

இப்போது ரீசெட் பொத்தானுக்கு வருவோம். கார்கள் டயரைக் கண்காணிக்க இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. நேரடி முறையில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வோடு சேர்ந்த ஒரு சிறிய உணரி அமுக்கத்தை அளந்து வானொலி அலையில் அனுப்புகிறது. மறைமுக முறையில் அமுக்கத்தை எதுவும் அளப்பதில்லை. ஏ.பி.எஸ். பிறேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சில்லு வேக உணரிகளை வைத்து, எந்தச் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்கிறது என்று கார் பார்க்கிறது. புதிய அமைப்புகள் சில்லின் அதிர்வையும் ஆராய்கின்றன. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரை சற்றுச் சுருங்குவதால் அது அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழல வேண்டும். நடுத்தரக் காரின் டயர் ஒன்று ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 510 முறை சுழலும். ஆரை அரைச் சதவீதம் குறைந்தால் இரண்டரைச் சுற்றுக் கூடும். அந்த இரண்டரைச் சுற்றில்தான் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிக்குச் சரியான நிலை எது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். ரீசெட் பொத்தான் செய்வது அந்த ஒன்றைத்தான். இப்போதுள்ள நிலையே சரியானது, இனி இதை வைத்து ஒப்பிடு என்று சாரதி காருக்குச் சொல்கிறார். டொயோட்டாவின் சில மாடல்களில் ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் உள்ள பொத்தானை விளக்கு மூன்று முறை மெதுவாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் திரையின் மெனுவுக்குள் அந்தத் தெரிவு இருக்கிறது. இடம் எதுவானாலும் சொல்லப்படும் செய்தி ஒன்றே.

அந்தச் செய்தி பொய்யானால் என்ன ஆகும்? 33 இருக்க வேண்டிய நான்கு டயர்களும் 26க்கு இறங்கியிருக்கும்போது ரீசெட் செய்தால், கார் 26ஐச் சரியான அளவாக மனதில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து 20 சதவீதம் என்றால் 20.8 பி.எஸ்.ஐ. பரிந்துரைத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகுதான் விளக்கு மறுபடி எரியும். தராசுத் தட்டில் பொருளை வைத்தபடியே முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பியதற்கு இது சமம். அதன் பிறகு தராசு காட்டும் ஒவ்வோர் எடையும் பிழை. ஒரு டயரில் மட்டும் ஆணி குத்திக் காற்று இறங்கியிருக்கும்போது ரீசெட் செய்தால் தவறு இன்னும் நுட்பமானது. மெலிந்த டயரின் கூடுதல் சுழற்சியை அந்தச் சில்லின் இயல்பாகவே கார் ஏற்றுக்கொள்ளும். நேரடி உணரிகள் உள்ள கார்களிலும் இந்த ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை; சில அமைப்புகள் ரீசெட் செய்த கணத்தின் அமுக்கத்தையே புதிய அடிப்படையாகச் சேமிக்கின்றன. எல்லையை நிலையாக வைத்திருக்கும் மற்ற அமைப்புகளில் ரீசெட்டுக்கே தேவையில்லை. காற்று நிரப்பிச் சிறிது தூரம் ஓடினால் விளக்கு தானே அணையும்.

முறையாகச் செய்த ரீசெட்டும் உடனே நிறைவேறிவிடாது. மறைமுக முறைக்கு ஓட்டம் வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்கள், மணிக்குச் சுமார் 50 முதல் 100 கிலோமீற்றர் வேகத்தில் மொத்தம் அரை மணி நேரம் ஓடிய பிறகே கற்றலை முடிக்கின்றன. கலகெதர போன்ற இடத்தில் இது ஏன் இழுபடுகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஒன்றரை மீற்றர் அகலத்தில் இரு சில்லுகள் உள்ள கார், 30 மீற்றர் ஆரையுள்ள வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிட 5 சதவீதம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். கார் தேடும் வித்தியாசமோ அரைச் சதவீதம். வளைவின் சத்தம் டயரின் முணுமுணுப்பைப் பத்து மடங்கில் மூழ்கடித்துவிடுகிறது. ஆகவே வளைவிலும் பிறேக்கிலும் கிடைக்கும் தரவுகளைக் கார் ஒதுக்கிவிட்டு, நேராக ஓடும் பொழுதுகளை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கலகெதரவிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு நடை போய் வந்ததும் கற்றல் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அந்த இடைக்காலத்தில் விளக்கு எரியாமல் இருப்பது எல்லாம் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பாடம் முடியும் வரை கையிலுள்ள அமுக்கமானியே காவல்.

விளக்கு தொடர்ந்து எரிவதும் சிமிட்டுவதும் வேறு வேறு செய்திகள் என்பதையும் பிரித்தறிய வேண்டும். காரைத் தொடக்கியதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் கண்காணிப்பு அமைப்பே பழுது என்று பொருள். நேரடி உணரிக்குள் இருக்கும் மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும், பிறகு மாற்ற முடியாதபடி உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். இறக்குமதித் தடைக்கு முன்பு வந்த கார்கள் பலவற்றில் இந்த வயது இப்போது முடிந்து கொண்டிருக்கும். புதிய உணரி வாங்கும்போது மீடிறனும் பொருந்த வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான உணரிகள் பல 315 மெகாஹேர்ட்ஸில் பேசுகின்றன, ஐரோப்பியச் சந்தைக்கானவை 433 மெகாஹேர்ட்ஸில். இரண்டும் உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும், கார் கேட்காத மீடிறனில் பேசும் உணரி ஊமைதான். ஒவ்வோர் உணரிக்கும் தனி அடையாள எண் இருப்பதால் அதைக் காருக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். இந்தப் பழுதுக்கு எத்தனை முறை ரீசெட் அழுத்தினாலும் பயனில்லை. அது கராஜில் கருவி வைத்துத் தீர்க்க வேண்டிய வேலை.

சரியான வரிசை எளிது. குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்ற டயர்தான் குளிர்ந்த டயர். சாரதி பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் முன், பின் டயர்களுக்கான அளவு இருக்கும். ஜப்பானியக் கார்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கலாம்; 230 என்றிருந்தால் 33 பி.எஸ்.ஐ. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு அன்று. மலைக் கிராமத்திலிருந்து கடைக்கு வருவதற்குள் டயர் சூடாகிவிடுமே என்றால் அதற்கும் வழி உண்டு. வீட்டிலேயே காலையில் அளந்து குறையைக் குறித்துக்கொள்ளுங்கள். 33க்குப் பதில் 28 இருந்தால் குறை ஐந்து. கடையில் அதே டயர் சூட்டினால் 31 காட்டும். அங்கே 33 வரை என்று சொல்லாமல், ஐந்து கூட்டி 36 வரை நிரப்பச் சொல்லுங்கள். ஆறியதும் 33 அளவில் வந்து நிற்கும். நான்கையும் இப்படிச் சரிசெய்து, வால்வையும் மேற்பட்டையையும் பார்த்த பிறகே ரீசெட். அதன் பின்னும் சில நாட்களில் விளக்கு திரும்ப வந்தால், எங்கோ ஆணியோ கசியும் வால்வோ இருக்கிறது. அதற்கு மருந்து பங்சர் ஒட்டுவதோ வால்வை மாற்றுவதோதான்.

இத்தனை பாடு எதற்கு, டயரைப் பார்த்தாலே தெரியாதா என்பது பழைய சாரதிகளின் வாதம். ரேடியல் டயரின் அடிப்பக்கம் சரியான அமுக்கத்திலும் சற்றுப் பிதுங்கியே இருக்கும். 33க்கும் 26க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணோ காலோ நம்பகமாகப் பிரிக்க முடியாது. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எச்சரிக்கை அமைப்புள்ள வாகனங்களில் மிகக் குறைந்த அமுக்கத்தோடு டயர் இருக்கும் வாய்ப்பு சுமார் 56 சதவீதம் குறைந்திருந்தது. நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லையே இல்லை என்பது இன்னொரு வாதம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும் என்பது உண்மை. வெப்பத்துக்கு அது காட்டும் மாற்றம் அதே வாயு விதிப்படிதான், ஆணி குத்தினால் அதுவும் வெளியேறிவிடும். பாதுகாப்புக்காக 40 வரை ஏற்றிவிடலாம் என்பவர்களுக்கு, கூடுதல் அமுக்கம் டயரும் தரையும் தொடும் பரப்பைக் குறைக்கும் என்பதே பதில். மழை நனைத்த இறக்கத்தில் பிறேக் பிடிக்க உதவுவது அந்தப் பரப்புத்தான்.

ஆகவே ரீசெட் பொத்தானை எப்போது அழுத்துவது என்ற கேள்விக்கு விடை, எப்படி அழுத்துவது என்பதைவிட முக்கியமானது. காற்று நிரப்பிய பிறகு, டயர் மாற்றிய பிறகு, சில்லுகளை இடம் மாற்றிய பிறகு அழுத்தலாம். விளக்கு எரிகிறது என்பது மட்டும் அழுத்துவதற்குக் காரணமாகாது. கார் தன் டயரைப் பற்றி அறிந்தது அனைத்தும், கடைசியாக ரீசெட் செய்தவர் அதற்குச் சொன்னதை ஒட்டியே இருக்கிறது. அளக்காமல் அழுத்துபவர் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பைத் தம் கையாலேயே நிறுத்திவைக்கிறார். மாதம் ஒரு முறை, ஓட்டத்துக்கு முன், ஓர் அமுக்கமானியால் நான்கு டயர்களையும் அளப்பவருக்குப் பெரும்பாலும் அந்தப் பொத்தான் தேவைப்படுவதே இல்லை. எரியும் விளக்கின் பொருளும் அவருக்குச் சந்தேகமின்றித் தெரியும்: புதிதாக ஏதோ கசிகிறது, வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.